ஊறிய கருவாட்டுக்கு மூன்றாம் லெவல்

ஸ்கோகன் ஊரில் நவம்பர் மாதத்தில் வரிசையில் நிற்பவர்கள் என்றால், மான் வேட்டைச் சீட்டு வாங்க நிற்பவர்கள்தான். அந்த ஆண்டு புதிதாக இன்னொரு வரிசை முளைத்தது. அது மான் வரிசையைவிட நீளமாக இருந்தது.

மூடிப்போன மளிகைக் கடையின் முன்னால், வண்டிகள் நிறுத்தும் வெட்டவெளியில், வெள்ளை நிறத்தில் ஒரு வீட்டு வண்டி. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தால் கால் வலிக்கும் நீளம். பக்கவாட்டில் பொன்னெழுத்தில் 'அமைதிப் பாதை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே: 'உங்கள் குழந்தையின் ஆட்டிசம் லெவலைக் குறையுங்கள். ஊசி இல்லை. மருந்து இல்லை. கண்ணீர் இல்லை.' கட்டணம் இல்லை என்று மட்டும் எழுதவில்லை. வண்டிக்காரருக்கும் ஒரு நேர்மை உண்டல்லவா.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு. மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டிக்கொள்ளும். அதிலும் நின்றார்கள். அறுபது மைல் தள்ளியிருந்தெல்லாம் வந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடக்கு டகோட்டாவிலிருந்தும் வந்தார்கள். குழந்தைகளைக் கம்பளியில் பொட்டலம் கட்டி இடுப்பில் வைத்திருந்தார்கள். எல்லோர் கையிலும் மருத்துவமனை கொடுத்த அறிக்கை இருந்தது. அதில் முதல் பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. மற்ற பக்கங்கள் அச்சிட்டு வந்த மேனிக்கே மொடமொடவென்று இருந்தன. இதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. வண்டிக்காரர் ஹாக்ஸ்டன் கவனித்திருக்கலாம். அவர் பிழைப்பே அதுதான்.

டெரெல் ஹாக்ஸ்டன். வயது ஐம்பது இருக்கும். முகம் நன்றாக வெயிலில் காய்ந்த செம்பு நிறம். நவம்பர் மாதத்தில் வடமேற்கு மின்னசோட்டாவில் ஒரு மனிதன் இந்த நிறத்தில் இருப்பதே பாதி அற்புதம். மீதிப் பாதியை அவர் பெட்டி பார்த்துக்கொண்டது.

வாதுமை மரத்தில் இழைத்த பெட்டி. மேலே இரண்டு பித்தளைத் தகடுகள். குழந்தை இரண்டு உள்ளங்கைகளையும் தகட்டில் வைத்தால் முகப்பில் சிவப்பாக ஓர் எண் எரியும். 2.8 என்றால் இரண்டாம் லெவல், மூன்றை நெருங்குகிறது. 1.4 என்றால் ஒன்றாம் லெவல், கரை தெரிகிறது. குழந்தையை அதிரும் மெத்தையில் அரை மணி நேரம் படுக்கவைப்பார். புல்லாங்குழல் ஓடும். உள்ளங்கையில் லாவெண்டர் மணக்கும் 'அமைதிப் பொடி' ஒன்றை இதமாகத் தேய்ப்பார். பிறகு மறுபடி தகட்டில் கை வைக்கச் சொல்வார். எண் இறங்கியிருக்கும். பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 'கண்ணீர் இல்லை' என்று எழுதியது குழந்தைகளுக்குத்தான் போலிருக்கிறது.

ஸ்கோகன்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. கூரை காற்றில் பறந்துபோன வீட்டுக்காரனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பரவாயில்லை என்பான். சுவரும் சேர்ந்து போயிருந்தால், இதைவிட மோசமா ஆகியிருக்கலாம் என்பான். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அங்கே ஏறக்குறையக் குற்றம். ஹாக்ஸ்டன் பல மாநிலம் சுற்றியவர். விதைக்காமலே அறுவடை செய்யக்கூடிய வயல் இது என்று வந்த முதல் நாளே கண்டுகொண்டார்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பார். "பரவாயில்லைங்க" என்பார்கள். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிக்கொள்வார். தூக்கம் எப்படி என்பார். "மோசம்னு சொல்ல முடியாது" என்பார்கள். 'தூக்கம் சீரானது' என்று எழுதிக்கொள்வார். மூன்றாவது வாரமே வண்டியின் கதவில் ஒரு பலகை தொங்கியது: நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு குடும்பங்கள் முன்னேற்றம் கண்டன. மீதி ஆறு குடும்பங்கள் ஸ்கோகனுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களாக இருக்கும்.

அந்தத் தொண்ணூற்று நான்கில் மாரிட் ஸ்டென்ஸ்ருடும் ஒருத்தி. அவளும் "பரவாயில்லை" சொன்னவள்தான்.

மாரிட் ஊருக்கு வெளியே தானியக் கிடங்கில் வேலை பார்த்தாள். பதினோரு வருடமாக ஒரே வேலை. மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரிகளில் குத்தூசியை இறக்கி ஒரு கைப்பிடி எடுப்பாள், ஈரம் பார்க்கும் கருவியில் கொட்டுவாள், எண்ணைச் சொல்வாள். ஈரம் கூடினால் விலை குறையும். அதனால் விவசாயிகள் அவளிடம் காட்டாத வித்தை இல்லை. அவளிடம் பலித்த வித்தையும் இல்லை. அப்படிப்பட்டவள் ஹாக்ஸ்டனின் வண்டியில் ஆறு வாரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சோளம் வேறு, பெற்ற பெண் வேறு.

பெண் பெயர் தோரா. ஐந்து வயது. சொற்கள் நான்கைந்துதான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். பாட்டில் மூடிகளை நிறம்வாரியாக அடுக்குவாள். ஒன்றை எடுத்தால் வீடு அதிரும்படி கத்துவாள். சிரிக்கும்போது முழு உடம்பாலும் சிரிப்பாள்.

மார்ச் மாதம் நகரத்து மருத்துவமனையில் டாக்டர் நகாட்டா இரண்டு நாள் அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்துவிட்டு, மாரிட்டையும் அவள் கணவன் லைலையும் அழைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். அந்த ஒரு மணி நேரத்தில் மாரிட்டின் காதில் விழுந்தது இரண்டே சொல். ஆட்டிசம். இரண்டு. அதற்குப் பிறகு டாக்டரின் வாய் அசைந்தது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. பதினான்கு பக்க அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். வீடு வரும் வழியில் லைல் அதைக் காரின் முன் பெட்டிக்குள் வைத்து மூடினான். அது அங்கேயே இருந்தது. எண் மட்டும் வீட்டுக்குள் வந்தது.

வந்த எண் காய்ச்சல் அளவு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு என்றால் ஒன்றைவிட மோசம், மூன்றைவிடத் தேவலை. ஒன்றாகக் குறைந்தால் நல்லது. பூஜ்யமானால் மகள் திரும்பக் கிடைத்துவிடுவாள். மகள் எங்கும் போகவில்லை, சமையலறையில் மூடி அடுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. காய்ச்சல் என்று நினைத்தவர்களிடம் ஒருவன் காய்ச்சல்மானியோடு வந்தால் விடுவார்களா?

லைல் சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டுபவன். முட்டாள் அல்ல. அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தோரா ஒரு முறை அவனை அப்பா என்று கூப்பிட வேண்டும். அதற்காக அவன் அந்த வண்டியை மாடியிலிருந்து குதித்துப் பிடிக்கச் சொன்னாலும் பிடித்திருப்பான். வாராவாரம் ஹாக்ஸ்டன் கொடுத்த அட்டையை அவன் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். 2.8, 2.5, 2.3, 1.9, 1.6. பள்ளிக்கூடத்தில் தான் வாங்கிய எந்த மதிப்பெண்ணையும் அவன் சுவரில் ஒட்டியதில்லை.

ஹாக்ஸ்டனின் பாதைக்குச் சில விதிகள் இருந்தன. வீட்டிலும் காரிலும் கையில் பொடி தடவ வேண்டும். வண்டிக்குள் வந்த பிறகு கையுறையைக் கழற்றக் கூடாது, காரிலேயே கழற்றிவிட வேண்டும். இந்த விதி இரண்டாம் வாரத்திலிருந்துதான்; முதல் வாரம் வெப்பம் கொதிக்கும் வண்டிக்குள் கையுறையோடு அரை மணி நேரம் காக்கவைத்துத்தான் எண் பார்த்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு.

இன்னொரு விதிதான் கொடியது. மற்ற எல்லாப் பயிற்சியையும் நிறுத்த வேண்டும்.

கோடையிலிருந்து பள்ளியின் பேச்சுப் பயிற்சியாளர் ரெனே வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். தோராவுக்காகப் பன்னிரண்டு பட அட்டைகள் செய்து கொடுத்திருந்தாள். பால், வெளியே, மூடி, வலிக்கிறது, போதும். வேண்டியதை எடுத்துக் கையில் கொடுக்க தோரா பழகியிருந்தாள். 'போதும்' அட்டை வந்த பிறகு அவள் கத்துவது பாதியாகக் குறைந்திருந்தது. ஹாக்ஸ்டன் அட்டைகளைப் பார்த்துவிட்டு, வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"படம் இருக்கிற வரைக்கும் பேச்சு வராது லைல். படம் பேச்சைத் திருடிடும்."

அன்று மாலையே லைல் பன்னிரண்டு அட்டைகளையும் காலி ஐஸ்கிரீம் வாளி ஒன்றில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தூக்கி வைத்தான். தோரா மூன்று நாள் அந்த வாளிக்குக் கீழே நின்று அழுதாள். நான்காவது நாள் நிற்கவில்லை. அமைதியாகிவிட்டாள் என்று ஹாக்ஸ்டன் எழுதிக்கொண்டார்.

இப்போது பள்ளியிலிருந்து தாள் வந்திருந்தது. ஜனவரியிலிருந்து தோராவுக்கு வகுப்பில் ஓர் உதவியாளர், வாரம் மூன்று முறை பேச்சுப் பயிற்சி. சம்மதம் என்றோ வேண்டாம் என்றோ எழுதிக் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த நேரம் அடுத்த குழந்தைக்குப் போகும். மறுபடி வரிசையில் நின்றால் ஒரு வருடத்துக்கு மேல். இந்த வரிசைக்குப் பலகையும் இல்லை, பொன்னெழுத்தும் இல்லை.

"வேண்டாம்னு போட்டுரலாம் மாரிட்," என்றான் லைல். "ஒண்ணாம் லெவலுக்கு வந்த புள்ளைக்கு உதவி குடுத்தா லெவல் திரும்ப ஏறிடும்னு அவர் சொல்றாரு. சனிக்கிழமை சர்ச் விருந்துல எல்லார் முன்னாடியும் சான்றிதழ் தர்றாராம். நம்ம ஊர்ல முதல் சான்றிதழ் நம்ம பொண்ணுக்கு."

மாரிட்டுக்கு அப்போது பயமாக இருந்தது. காரணம் ஆறாவது வாரம் நடந்த ஒன்று.

அன்று காரின் கண்ணாடியில் படிந்த பனியை அவள் வெறும் கையால் வழித்துவிட்டு வந்திருந்தாள். தோரா தகட்டில் கை வைக்க மாட்டேன் என்று சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு நின்றாள். 'போதும்' என்று காட்ட அவளிடம் அட்டை இல்லை. மாரிட் மகளின் கைகளைப் பிடித்துத் தகட்டில் அழுத்தினாள். அவள் விரல்களும் தகட்டில் பட்டன. பெட்டியில் 3.6 எரிந்தது. லைல் முகம் செத்துவிட்டது. ஹாக்ஸ்டன் ஒரு கணம்தான் திகைத்தார்.

"தாயோட கவலை பித்தளை வழியா இறங்குது," என்றார் மெல்ல. "நீங்க கொஞ்ச நாள் குழந்தையத் தொடாம இருந்தா நல்லது மாரிட்."

அவள் தொடவில்லை. இரண்டு நாள் தொடவில்லை. குளிப்பாட்டுவது, சட்டை போடுவது எல்லாம் லைல் செய்தான். மகள் அருகில் வந்தால் அவள் நகர்ந்து போனாள். தன் கையே தன் பிள்ளைக்கு நஞ்சு என்று ஒரு தாய் இரண்டு நாள் நம்பினாள். இதற்கும் அந்த மனிதர் கட்டணம் வாங்கியிருந்தார்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. கிடங்குக்கு ஆர்வின் டால் லாரியோடு வந்தார். ஆர்வினுக்கு எழுபது வயது, எண்ணூறு ஏக்கர், ஒரு மூட்டுவலி. பெட்டி மூட்டுவலிக்கும் லெவல் சொல்லும் என்று அவரும் வண்டி வரிசையில் நின்றவர். அவர் சோளத்தை மாரிட் எப்போதும் ஆழமாகக் குத்துவாள்.

"நேத்து வீட்ல பாத்தப்ப பதினைஞ்சுதான் இருந்துச்சு," என்றார் ஆர்வின், வானத்தைப் பார்த்து.

"மேல பதினைஞ்சு. அடியில இருபத்து நாலு. எந்தக் கைப்பிடிய எடுத்தீங்களோ அதுக்குத்தான் அந்த நம்பர் சொந்தம் ஆர்வின், லாரிக்கு இல்ல."

பதினோரு வருடமாக அவள் தினம் சொல்லும் வாக்கியம். அன்றுதான் அதை அவள் காது கேட்டது.

ஆர்வினை அப்படியே நிற்க விட்டுவிட்டு உள்ளே போனாள். ஆணியில் மரத்தின் ஈரம் பார்க்கும் சிறிய கருவி ஒன்று தொங்கியது. இரண்டு முள், ஒரு சிவப்பு எண். கட்டை விரலை நாக்கில் தொட்டு முள்ளில் வைத்தாள். எண் எகிறியது. மேசையில் படிந்திருந்த சோளமாவில் விரலைத் தேய்த்து மறுபடி வைத்தாள். எண் விழுந்தது. மறுபடி ஈரம். மறுபடி மாவு. ஏறியது, விழுந்தது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, கையில் ஒட்டியிருந்த பனி ஈரத்துக்காக இரண்டு நாள் மகளைத் தொடாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து, முன் பெட்டியைத் திறந்து, ஒன்பது மாதமாக அங்கே கிடந்த அறிக்கையை எடுத்தாள். ரொட்டியைக் கடிக்க மறந்து படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் எல்லாம் இருந்தது. எளிய மொழியில் இருந்தது.

ஒரே எண் அல்ல, இரண்டு எண்கள். பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் தோராவுக்கு இரண்டாம் லெவல். அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றம் வந்தால் தவிப்பது, இவற்றில் ஒன்றாம் லெவல். லெவல் என்பது குழந்தைக்கு எவ்வளவு ஆட்டிசம் என்பதன் அளவு அல்ல; இன்றைக்கு அவளுக்கு எவ்வளவு உதவி தேவை என்பதன் குறிப்பு. ஒன்று என்றால் உதவி வேண்டும். இரண்டு என்றால் கணிசமான உதவி. மூன்று என்றால் மிக அதிக உதவி. உதவி வேண்டாம் என்று சொல்லும் லெவல் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ப அது மாறலாம். முன்பு தனித்தனிப் பெயரில் சொன்ன பலவும் இப்போது ஒரே குடைக்குள் இருப்பதால், ஒரே எண் உள்ள இரண்டு குழந்தைகள் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். கடைசியில் டாக்டர் பேனாவால் எழுதியிருந்தார்: 'பட அட்டைகள் நன்றாக உதவும் என்று நினைக்கிறேன். அட்டைகளால் பேச்சு தடைப்படாது.'

ஒன்பது மாதம். காரின் முன் பெட்டியில், டயரில் காற்று பார்க்கும் கருவிக்கும் பழைய கையுறைக்கும் நடுவில்.

அன்று மாலை அவள் லைலிடம் சொல்லிப் பார்த்தாள். லைல் கேட்டான். ஆனால் சுவரில் இருந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டு கேட்டான். ஒருமுறை அவள் விரலில் மாவு தடவிக் காட்ட வந்தபோது, கையைத் தட்டிவிட்டான்.

"எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான் மாரிட். அதையும் எடுத்துடாத."

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. தாள் மேசைமேல் கிடந்தது. 'வேண்டாம்' என்ற கட்டத்தில் அவன் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டிருந்தான்.

சனிக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் லூட்டெஃபிஸ்க் விருந்து. கட்டையாக உலர்ந்த காட் மீனைக் சாம்பல் காரம் கரைத்த நீரில் ஊறவைத்து, நாள்கணக்கில் அலசி, கொழகொழவென்று ஆனதும் வேகவைத்து வெண்ணெய் ஊற்றித் தின்பார்கள். நார்வேயிலிருந்து பட்டினி கிடந்து வந்த பாட்டன்மார் தின்றது. பட்டினி போய் நூறு வருடமாகிறது. மீனை மட்டும் விடவில்லை. வாசனை வண்டி நிறுத்துமிடம் வரை வந்து வரவேற்கும். பிடிக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் பரவாயில்லை என்பார்கள். சுவரில் வழக்கம்போல ஓர் உலர்ந்த மீனை, ஊறாத முழுக் கருவாட்டை, குழந்தைகள் தொட்டுப் பார்க்க மாட்டி வைத்திருந்தார்கள்.

முந்நூறு பேர். காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பெட்டி. அதன் பின்னால் செம்பு நிற ஹாக்ஸ்டன். குளிர்காலப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் தாள் அடுக்காக இருந்தது; பேனாக்கள்கூட நூலில் கட்டித் தயாராக இருந்தன. அறிவியலுக்கும் அன்புக்கும் நடுவில் தான் கட்டிய பாலத்தைப் பற்றி ஹாக்ஸ்டன் பத்து நிமிடம் பேசினார். பெட்டி பொய் சொல்லாது என்றார். யார் கையையும் சோதிக்கலாம் என்றார். கடைசியில் சான்றிதழைத் தூக்கிப் பிடித்துத் தோராவை அழைத்தார். லைல் இஸ்திரி போட்ட சட்டையில் எழப் போனான்.

அவனுக்கு முன்னால் மாரிட் எழுந்துவிட்டாள்.

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா ஒரு சின்ன சந்தேகம்," என்றாள். ஸ்கோகனில் இதைவிடக் கடுமையாக யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. "தோராவோட அறிக்கையில ரெண்டு லெவல் இருக்கு. உங்க பெட்டி காட்டுறது அதுல எது?"

"எந்த ரெண்டு?" என்றார் ஹாக்ஸ்டன்.

கூடத்தில் ஓரிருவர் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். சிலர் பையிலிருந்த அறிக்கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஹாக்ஸ்டன் சிரித்து, எல்லாம் கூட்டி ஒரே எண்ணாகப் பெட்டி தரும் என்று சமாளித்தார். ரொம்ப நன்றி என்றாள் மாரிட். பிறகு சமையலறைக்குள் போய், ஊறவைத்து அலசி, இன்னும் வேகவைக்காத மீன் துண்டு ஒன்றை ஒரு கையிலும், சுவரில் இருந்த கருவாட்டை மற்றொரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பெட்டி மனுஷ உடம்புக்கு மட்டும்தான்," என்றார் ஹாக்ஸ்டன் அவசரமாக.

ஏப்ரன் கட்டிக்கொண்டு காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பாஸ்டர் இங்கா தலை நிமிர்ந்தார். "வெறும் பித்தளைதானே. மீன் ஒண்ணும் பண்ணிடாது. வச்சுப் பாக்கட்டுமே."

சர்ச்சில் பாஸ்டரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஹாக்ஸ்டனே அறுவடை செய்த அதே வயல். அன்று அறுவடை அவர் தலைமேல்.

ஊறிய மீன் தகட்டில் சளப்பென்று விழுந்தது. 3.8.

"மூணாம் லெவல்," என்று படித்தாள் மாரிட். துணியால் தகட்டைத் துடைத்தாள். கருவாட்டை வைத்தாள். 0.1.

"இது குணமாயிருச்சு," என்றாள். "ரெண்டும் ஒரே மீன்தான். பொடி தடவல, மெத்தையில படுக்கவைக்கல. காய்ஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. முந்நூறு பேர் முந்நூறு குழந்தைகளின் கையுறையை யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் ஆர்வின் டால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஈரத்தை மறைச்சுட்டுக் காய்ஞ்சதை மட்டும் அளக்கக் குடுக்கிறது," என்றார். "அடப்பாவி, இது நான் லாரில பண்ற வேலையாச்சே. முப்பது வருஷமா பண்றேன். எனக்கே இதைப் பண்ணிட்டானே."

ஆர்வின் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதை அடுத்த பருவத்துக்காக மாரிட் மனதில் குறித்துக்கொண்டாள். பிறகு ஹாக்ஸ்டன் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா ஒண்ணு. யார் கையா இருந்தாலும் சரின்னு சொன்னீங்க. உங்க கைய வைங்களேன்."

ஹாக்ஸ்டன் புன்னகை மாறாமல் முன்னால் வந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார். நீட்டுவதற்கு முன்னால், தன்னையறியாமல், உள்ளங்கைகளைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

முந்நூறு பேரும் பார்த்தார்கள்.

"ஏன் துடைச்சீங்க?" என்றாள் மாரிட்.

ஆர்வின் பேனாக்கத்தியை எடுத்துப் பெட்டியைக் கவிழ்த்து நான்கு திருகாணிகளையும் கழற்றினார். யாரும் தடுக்கவில்லை, தடுப்பது மரியாதைக் குறைவு. வாதுமை மரத்துக்குள்ளே மஞ்சள் நிறத்தில், எந்த இரும்புச் சாமான் கடையிலும் கிடைக்கும், விறகு காய்ந்ததா என்று பார்க்கும் கருவி இருந்தது. அதன் பின்புறம் கடைக்காரர் ஒட்டிய தள்ளுபடிச் சீட்டு அப்படியே இருந்தது.

வேறு ஊராக இருந்தால் நாற்காலி பறந்திருக்கும். ஸ்கோகனில் யாரும் குரலை உயர்த்தவில்லை. பெயர் கொடுக்கும் தாள்களை யாரோ அடுக்கிக் குப்பையில் போட்டார்கள். பாஸ்டர் இங்கா, கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்க விரும்புகிறவர்கள் இந்தப் பக்கம் வரலாம் என்று காப்பிப் பாத்திரத்தைக் காட்டினார். வரிசை மான் வரிசையைவிட நீளமாக நின்றது. ஹாக்ஸ்டன் கிளம்பும்போது ஒரு பெண்மணி மீந்த லூட்டெஃபிஸ்க்கை ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்து, ரோடு வழுக்கும், பாத்துப் போங்க என்றாள். அதைவிடப் பெரிய தண்டனை அந்த மாவட்டத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லைல் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் ஏறி ஐஸ்கிரீம் வாளியை இறக்கித் தரையில் வைத்தான். தோரா ஓடி வந்தாள். பன்னிரண்டு அட்டைகளையும் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். தேடியது பால் அல்ல. மூடி அல்ல. ஒன்று கிடைத்ததும் எழுந்து வந்து அதை லைலின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரலைப் பிடித்து இழுத்தாள்.

அதில் ஆரஞ்சுத் தொப்பியோடு லைலின் புகைப்படம் இருந்தது. ரெனே கோடையில் எடுத்தது.

"செப்டம்பர்ல தினம் இதைத்தான் கொண்டுவந்து குடுப்பா," என்றான் லைல். "நான் ஏதோ விளையாட்டுன்னு நெனைச்சேன்."

"கூப்பிட்டுட்டுதான் இருந்தா," என்றாள் மாரிட். "நாமதான் தூக்கி மேல வச்சுட்டோம்."

அவன் கோட்டோடு தரையில் உட்கார்ந்து அழுதான். தோராவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்னோர் அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். போதும்.

திங்கட்கிழமை தாளில் பென்சில் கோட்டை அழித்துவிட்டு, 'சம்மதம்' என்ற கட்டத்தில் லைல் பேனாவால் அழுத்திக் கையெழுத்திட்டான்.

ஸ்கோகனில் இன்னும் நான்கைந்து பேர் பெட்டியை நம்புகிறார்கள். எங்களுக்கு என்னவோ கொஞ்சம் வேலை செய்தது என்கிறார்கள். ஆர்வின் அவர்களை விடுவதில்லை. "மீனுக்கும் வேலை செஞ்சுதே, அது பேசிச்சா?" என்று கேட்கிறார். ஹாக்ஸ்டன் இரண்டு மாநிலம் தள்ளி வேறு பெட்டியோடு நிற்பதாகக் கேள்வி. அங்கேயும் குளிரில் வரிசை நிற்கிறதாம். அங்கேயும் அறிக்கைகளில் முதல் பக்கம்தான் கசங்கியிருக்கிறதாம். நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஒவ்வொருவர் கழுத்துக்கு மேலேயும் ஒரு பெட்டி இருக்கிறது. ஊசி இல்லை, மருந்து இல்லை, அதற்குக் கட்டணமும் இல்லை. திறந்துதான் பார்க்க வேண்டும்.